தாழிமேட்டுக்குச் சாந்து பூசிய கதை

1

1929 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இராமநாதபுரம் ஜில்லா, காரைக்குடியிலிருந்து கொத்தமங்கலம் போகும் தடத்தில் உள்ள செங்காணிப்பட்டியின் யூனியன் போர்டு கூடியது. ஊருக்கு வடக்கே இருந்த தாழிமேடு என்ற பழைய இடுகாட்டைப் பழஞ்சின்னமாகக் காக்கும்படி சர்க்காரைக் கேட்பதா வேண்டாமா என்று விவாதித்தது.

[செங்காணிப்பட்டியைத் தேடிக்கொண்டு யாரும் பஸ் ஏற வேண்டாம். அந்தப் பெயரை வைத்தது நான்.]

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நேமத்தான்பட்டியில், ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து இலைக்காரர் சாம்பாரில் ஆரம்பித்து ரசம் வரைக்கும் சொன்னார். பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. மிச்சத்தை நான் போட்டு நிரப்பியிருக்கிறேன். அவர் எங்கே நிறுத்தினார், நான் எங்கே தொடங்கினேன் என்பது முதலில் தெளிவாகத் தெரிந்தது. நாலைந்து தடவை எழுதிப் பார்த்ததில் அந்தத் தெளிவு போய்விட்டது.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதினேன்.

"தாழிமேட்டின் மேல் அந்திச் சூரியன்..." வேண்டாம். இந்தக் கதையில் முக்கியமானதெல்லாம் காலையில் நடக்கிறது.

"நாகநாதன் மிக நல்ல மனிதர்..." இப்படித் தொடங்கினால் அடுத்த வரியிலேயே வாசகர் அவரைச் சந்தேகப்படுவார்.

"இறந்தவர்கள் பேசுவதில்லை, ஆனால்..." ஆனால் என்ன? ஒன்றும் இல்லை. அடித்துவிட்டேன்.

கடைசியில் இப்படி எழுதினேன்:

நாகநாதனுக்கும் சின்னத்தாயிக்கும் ஒரு பிள்ளை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனது.

இதில் அடிக்க ஒன்றும் இல்லை. எனவே கதை இங்கிருந்து போகிறது.

நாகநாதன் சொந்த நிலத்தில் விவசாயம் செய்தவர், போர்டில் அங்கத்தினர். தாழிமேட்டில் ஆள் உயரக் கருங்கற்கள் பத்துப் பன்னிரண்டு நின்றன. அவற்றுக்கு அடியில், ஊர் உண்டாகும் முன்பே வாழ்ந்த யாரையோ பெரிய மண்தாழிகளில் வைத்துப் புதைத்திருந்தார்கள். அவர்கள் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. செங்காணிப்பட்டிக்காரர்கள் பெரியவர்களைக் கண்மாய்க் கரையில் எரித்தார்கள். பச்சைக் குழந்தை இறந்தால் மட்டும் தாழிமேட்டுக்குக் கொண்டுபோய் ஏதாவது ஒரு கல்லின் அடியில் புதைத்தார்கள். பிள்ளை தனியாகக் கிடக்க வேண்டாம், யாரோ பெரியவர்கள் பக்கத்தில் கிடக்கட்டும் என்று.

நாகநாதன் வகையறாவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளையைத் தூக்கிப் போவது தாய்மாமன். எந்தக் கல் என்பதை அவன் பெற்றவர்களிடம் சொல்லக் கூடாது. அடுத்த பிள்ளை பிறந்து, அதற்குப் பல் முளைத்த பிறகுதான் சொல்லலாம். அதற்குள் சொன்னால் பெற்றவர்களின் மனசு அந்தக் கல்லையே சுற்றும், அடுத்தது வயிற்றில் தங்காது என்பது அவர்கள் எண்ணம். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதே கிடையாது.

சின்னத்தாயியின் தம்பி மலையாண்டி பிள்ளையைத் தூக்கிப் போனான். அடுத்த பிள்ளை பிறக்கவில்லை. மலையாண்டி சொல்லவில்லை. வருஷங்கள் போயின.

[எத்தனை வருஷம் என்று பந்திக்காரரிடம் கேட்டேன். "சின்னத்தாயி தலையில நரை விழுகிற வரைக்கும்" என்றார்.]

3

கொத்தமங்கலத்தில் பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பர்மாத் தேக்கும் சுண்ணாம்பும் மாட்டு வண்டியில் வந்தன. கொஞ்ச நாளாக லாரியிலும் வரத் தொடங்கியிருந்தன. பழைய தடம் கண்மாயைச் சுற்றிப் போனது. நேராக ஒரு ரோடு போட்டால் தூரம் பாதியாகும். நேராகப் போட்டால் அது தாழிமேட்டின் நடுவே போகும்.

போர்டுத் தலைவர் சோணைமுத்து திட்டத்தைச் சொன்னதும் நாகநாதன் எழுந்தார். என் பிள்ளை அங்கே கிடக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு எதையோ சொன்னார்.

"அது பாண்டவரு காலத்து எடமுங்க. இந்த மாதிரிப் பழைய எடத்தையெல்லாம் சர்க்காரே காத்து வைக்கிதாம்."

"பாண்டவரு நம்ம ஊருக்கு எதுக்கு வந்தாக, சந்தைக்கா?" என்றார் சோணைமுத்து.

எல்லாரும் சிரித்தார்கள்.

"வந்தாகளோ வரலையோ, கல்லு நிக்கிதுல்ல?"

"கல்லு எங்க வீட்டுக் கொல்லையிலயுந்தேன் நிக்கிது. சரி, விடுங்க. படிச்ச அதிகாரி ஒருத்தரு வந்து பாக்கட்டும். அவுக பழசுன்னு சொன்னா ரோட்ட வளைச்சுப் போடுவோம். இல்லாட்டி ஓட்டு எடுப்போம்."

சோணைமுத்து கெட்டவர் இல்லை. முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன். கதை வேகமாக ஓடியது, ஆனால் பொய்யாக இருந்தது.

4

மலையாண்டியிடம்தான் எனக்குத் தொந்தரவு.

அவன் கொத்தனார். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தான். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளையும் சேர்த்து, தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி மெருகேற்றுகிற வேலை. அந்தப் பக்கத்தில் ஒன்றுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் முதலில் அதற்குச் சாந்து பூசுவார்கள், மற்றதெல்லாம் பிறகு. அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மலையாண்டிக்குத் தோன்றியது ஒன்றே: கல்லெல்லாம் பாசியும் காக்கை எச்சமுமாகக் கிடக்கின்றன, இப்படியே காட்டினால் ஊருக்குக் கேவலம். வேலையில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி, இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு தாழிமேட்டுக்குப் போனான். புதரை வெட்டினான். கற்களுக்கு அடியிலிருந்து உச்சி வரை பூசி மெருகேற்றினான். மச்சானுக்கு உதவி செய்கிறோம் என்ற சந்தோஷத்தில் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதிகாரி காலை வெயிலில் வந்து இறங்கினார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். நாகநாதனும் அப்போதுதான் பார்த்தார்.

"இது எப்போது கட்டியது?"

"கட்டலீங்க. ரொம்பப் பழசுங்க" என்றார் நாகநாதன்.

"போன வெசாழக்கெழம முடிச்சதுங்க" என்று மலையாண்டி முன்னால் வந்தான். "அய்யா கிட்டக்க வந்து பாருங்க, மொகம் தெரியும்."

அதிகாரி பார்த்தார். தெரிந்தது.

பேனாக்கத்தியால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். சாந்துக்கு உள்ளே, சுரண்டிய இடமெல்லாம் உளி கொத்திய புதுத் தடங்கள்.

"இதைக் கொத்தியது யார்?"

"நாந்தேன். வழுவழுன்னு இருக்க கல்லுல சாந்து நிக்காதுங்க. கொத்திவிட்டாத்தேன் பிடிக்கும்."

அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை. இளநீரையும் வேண்டாம் என்றார். பழமையை உறுதி செய்ய இயலவில்லை என்று அவரிடமிருந்து போர்டுக்குப் பதில் வந்தது.

[இந்த இடத்தில் வாசகர் சிரிக்கலாம். பந்தியிலும் சிரித்தார்கள். நானும்தான்.]

5

சோணைமுத்து நாகநாதனைத் தனியே கூப்பிட்டார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏம்ப்பா, உம்புள்ள அங்குட்டு இருக்குன்னு முன்னாடியே சொல்லப்படாதா? ஓட்டு எப்படிப் போனாலும் போகட்டும். எந்த எடம்னு காட்டு. ரோடு வெட்டுறதுக்கு முந்தி எடுத்து வேற எடத்துல வைக்கச் சொல்றேன்."

நாகநாதன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சின்னத்தாயி அப்போதே தம்பிக்கு ஆள் அனுப்பினாள். அவன் வந்து நின்றதும் கேட்டாள்.

"இனிமே எனக்குப் புள்ள பெறந்து பல்லு மொளைக்கப் போறதில்ல. வழக்கமெல்லாம் போதும். எந்தக் கல்லுடா?"



"வடக்கு மொகத்துல வெள்ளையா ஒரு புள்ளி இருக்கும்க்கா. மொச்சக்கொட்ட தண்டி."

தன் பிள்ளை இருக்கும் இடத்தைப் பற்றி அவள் கேட்ட முதல் சேதி அது. "மொச்சக்கொட்ட தண்டி" என்று அவளும் ஒரு தடவை சொன்னாள். நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைத்துனனைக் கூட்டிப் போனார்.

இருவரும் வடக்கு முகச் சாந்தையெல்லாம் சுரண்டினார்கள். கருங்கல்லில் உளி விழுந்தால் அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். எல்லாக் கல்லிலும் வெள்ளைப் புள்ளிகள், அம்மைத் தழும்பு போல.

"எது மாப்ள?"

"எல்லாத்துலயும் புள்ளி இருக்கே மச்சான்."

"எடத்த வச்சுச் சொல்லு."

"அன்னைக்கு மழ. சுத்தி ஒரே காரமுள்ளுப் பொதரு, உள்ள பூந்து போனேன். திரும்பிப் பாக்கப்படாதுன்னு பாக்காம வந்துட்டேன். இப்பப் பொதரக் காணமே."

"பொதர வெட்டுனது யாரு?"

"நாந்தேன்."

நாகநாதனுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. அவருக்கு வந்தது கோபமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. சுரண்டிய சாந்து அவர் காலடியில் தேங்காய்ச் சில்லுப் போலக் கிடந்தது. ஒரு துண்டை எடுத்தார். மெருகு அப்படியே இருந்தது. நல்ல வேலை என்று நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே ஒரு மாதிரி உணர்ந்து...

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.]

6

இரண்டாம் பிரதி எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

மலையாண்டி அந்தக் கல்லை எப்போதோ மறந்திருந்தால்?

மழையில், புதருக்குள், கையில் அக்காள் பிள்ளையோடு போன ஓர் இளைஞன். வெளியே வந்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்காது என்று வைத்துக்கொள்வோம். சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம் என்பதால் பிழைத்தான். அக்காளுக்கு அடுத்த பிள்ளை பிறந்துவிடுமோ, பல் முளைத்துவிடுமோ என்று வருஷா வருஷம் பயந்திருப்பான். பிறக்கவில்லை என்றதும் அழுதிருப்பான்; கொஞ்சம் மூச்சும் விட்டிருப்பான். பிறகு ரோடு வருகிறது. யாராவது கேட்கப் போகிறார்கள். கேட்கும் முன்பே எல்லாக் கல்லையும் ஒன்றுபோல ஆக்கிவிடுகிறான்.

அப்படியானால் அந்த வெள்ளைப் புள்ளி? பொய் சொல்பவனும் அளவு சொல்வான்.

மறுபடி படித்தேன். "மொகம் தெரியும்" என்று அதிகாரியிடம் சொன்னவன் குரலில் உண்மையான பெருமை இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான். எனவே அது சாட்சியம் ஆகாது.

வெகுளி என்றும் எழுதலாம், பயந்தவன் என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவன் ஒரே சொல்லைத்தான் சொல்கிறான்: "நாந்தேன்."

அன்று தாழிமேட்டில் அவன் கடைசியில் என்ன செய்தான்? ஒரு பிரதியில், தெரியவில்லை மச்சான் என்று உட்கார்ந்துவிடுகிறான். இன்னொன்றில், சட்டென்று ஒரு கல்லைக் காட்டுகிறான். அது இல்லை என்று தெரிந்தும் நாகநாதன் தலையாட்டுகிறார். எது நடந்தது என்பதை உங்களிடம் விடுகிறேன். பத்துப் பன்னிரண்டு கல் இருக்கிறது. ஒன்றைக் காட்ட வேண்டுமென்று தோன்றினால் நீங்களே காட்டுங்கள். காட்டும்போது உங்கள் விரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

7

கூட்டத்துக்குப் போகும் காலையில் நாகநாதன் மனைவியிடம் சொன்னார்: "காத்து வைக்கணும்னே கையத் தூக்கிடுறேன். எந்தக் கல்லா இருந்தா என்ன, எல்லாக் கல்லும் நிக்கட்டும்."

சின்னத்தாயி கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது.

"காத்து வச்சா வேலி போடுவாகள்ல?"

"போடுவாக."

"வேலி போட்டா நான் போகமுடியாது. சும்மா விட்டாலும் அது இடுகாடு, அப்பவும் போகமுடியாது. ரோடு போட்டா?"

நாகநாதன் வாசலைப் பார்த்தார்.

"ரோடுன்னா யாரும் போகலாமா இல்லையா?"

"அது மேல வண்டி போகும் புள்ள. லாரி போகும்."

"போகட்டும். நானும் போவேன்ல? எங்கினயோ ஒரு எடத்துல அது பக்கத்துல கால் படும்ல?"

"என்ன பேச்சுப் பேசுற?"

"நீங்கதேன் சொல்லுங்களேன், என்ன பேச்சுப் பேசணும்னு. உங்க போர்டுல சொல்லித் தருவாகளே."

அவர் துண்டைத் தேடினார். அது தோளிலேயே இருந்தது.

கூட்டத்தில், தாழிமேட்டைக் காக்கச் சர்க்காரைக் கேட்கும் தீர்மானத்தைப் படித்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நாகநாதன் தூக்கினார். எதிர்ப்பவர்கள் என்றார்கள். நாகநாதன் மறுபடியும் தூக்கினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"நாகநாதா," என்றார் சோணைமுத்து, மெதுவாக. "ஒருத்தருக்கு ஒரு கைதேன்."

"தெரியுதுங்க."

"அப்ப எந்தப் பக்கம் எழுத?"

நாகநாதன் எழுந்து

[இந்த வாக்கியத்துக்கு எட்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் பிள்ளையைப் பற்றிப் பேசினார், நன்றாகப் பேசினார். அவ்வளவு நன்றாகப் பேசக்கூடியவர் முதல் கூட்டத்தில் பாண்டவரை இழுத்திருக்க மாட்டார். எட்டையும் எடுத்துவிட்டேன்.]

அவருடைய ஓட்டு இரண்டு பக்கத்திலும் எழுதப்படவில்லை. மற்ற ஓட்டுகள் சமமாக இருந்தன. தலைவர் தம் ஓட்டை எதிராகப் போட்டார். தீர்மானம் தோற்றது.

அடுத்த கோடையில் ரோடு போட்டார்கள். கற்களைப் பெயர்த்துப் பாலத்துக்குப் பயன்படுத்தினார்கள். கீழே சில தாழிகள் உடைந்த நிலையில் கிடைத்தன. கொத்தமங்கலத்துக்குச் சாமான் ஏற்றிய லாரிகள் இப்போது அந்த வழியாகத்தான் போகின்றன. சந்தை நாளில் நடந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.