சிவந்த முகம்

நெய்த புடவைகளை நகரிக் கடைகளில் போட்டுவிட்டுப் பள்ளிப்பட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் கோதண்டபாணியின் முகம் குங்குமமாகச் சிவந்திருக்கும். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. எல்லையைத் தாண்டினால் ஆந்திராவில், நகரியிலேயே சாராயக்கடை. ஊர் முடிவு கட்ட எவ்வளவு நேரமாகும்? அவன் பெண்டாட்டி கோமளவல்லியும் ஊரோடு சேர்ந்துகொண்டாள்.

“சத்தியமா குடிக்கலடி.”

அவள் விடுகிறவளா? திருத்தணி மலைக்கு இழுத்துக்கொண்டு போய், முருகன் எதிரில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாள். உள்ளங்கை சுடச்சுட அணைத்தான். மறுவாரமே சிவந்த முகத்தோடு வாசலில் வந்து நின்றான்.

“சாமி எதிர்லயே பொய் சத்தியம் பண்ணிட்டியே பாவா!”

அன்றைக்கு வாயை மூடியவள்தான். எட்டு மாதம் பேச்சில்லை. சோற்றுத் தட்டு மட்டும் ‘ணங்’கென்று வந்து விழும். வயிற்றுப்போக்கில் ஆள் பாதியாக இளைத்தபோதும் சுவரைப் பார்த்துச் சாராயத்தையே திட்டினாள். கல்நெஞ்சுக்காரி இல்லை, பிடிவாதக்காரி.

ஒருநாள் தறியிலேயே சுருண்டு விழுந்தான். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

“முகம் சிவக்கும்போது வேர்க்குமாம்மா?”

யோசித்தாள். “இல்லீங்க. காஞ்சுதான் கெடக்கும்.”

பரிசோதனைகள் முடிந்ததும் கூப்பிட்டுச் சொன்னார். “குடல்ல சின்னதா ஒரு கட்டி. ஈரலுக்கும் பரவியிருக்கு. அதுல சுரக்கறதுதான் அலைஞ்சு வரும்போதெல்லாம் முகத்தைச் சிவக்க வைக்குது, வயித்தாலயும் போக வைக்குது. குடியில்லம்மா.”

கோமளவல்லிக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. “ஈரலுக்குப் போயிட்டா அவ்ளோதானுங்களா?”

“இது மெதுவா வளர்ற ஜாதி. குடல் கட்டியையும், ஈரல்ல அது பரவின பக்கத்தையும் வெட்டி எடுத்துடலாம். மிச்ச ஈரல் வளர்ந்துக்கும். ஆனா ஆபரேஷன் பெரிசு. பிழைச்சு எழுந்தாலும், முகம் மறுபடி வறண்டு சிவந்தா உடனே வரணும்.”

ஏழு மணி நேரம் வராந்தாவில் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிழைத்தான். அதற்கப்புறம் ஐந்து வருஷம், அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வருஷச் சோதனையில் டாக்டர் சிரித்தார். கண்ணுக்குத் தெரிந்து கட்டி எதுவும் இல்லையாம். மறுநாளே இருவரும் மலையேறினார்கள். பாதிப் படியில் அவன் மூச்சு வாங்கி உட்கார்ந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

“பாவா!”

ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் கையை வைத்தாள். ஈரம். நெற்றியில், மூக்கில், கழுத்தில், எங்கும் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

“இன்னாடி? இந்த வெயில்ல படி ஏறினா வேர்க்காதா?”

“ஆங், வேர்க்கும். நல்லா வேர்க்கட்டும்.” அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் துடைத்தாள்.

கீழ்ப்படியில் வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் அவன் முகத்தைப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போனாள். கோமளவல்லிக்கு வந்ததே கோபம்!

“இன்னாம்மா பாக்கற? குடிக்கல! என் வூட்டுக்காரரு வேர்த்துக்கினு கீறாரு!” என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.