மாமனாருக்கு ஒரு ஃபில்டர்

என் கையெழுத்து இல்லாமல் எங்கள் மருத்துவமனையில் யார் வயிற்றிலும் கத்தி படாது. அறுவை அரங்கிலிருந்து ரத்தமும் சதையுமாக வரும் கருவிகளைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, துணியில் கட்டி, 'சுத்தம்' என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிற அறைக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் பொறுப்பு. இதைப் பெருமைக்குச் சொல்கிறாள் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். போன வருடம் அவனுக்கும் அண்ணிக்கும் கோர்ட்டில் எல்லாம் முடிந்துபோனது. பன்னிரண்டு வருடம் குடியிருந்த வீட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி நிறைய போட்டோக்களையும் ஒரு மீனையும் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். மீன் என்றால் விரல் நீளக் குஞ்சு இல்லை. ஆஸ்கார் என்கிற, சிக்லிட் ஜாதிப் பெரிய வண்ணமீன். முழங்கை நீளம், எட்டு வயது. கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு, தனக்குச் சரியாக மரியாதை நடக்கவில்லை என்பது போலவே எப்போதும் பார்க்கும். அதற்கு 'மாமனார்' என்று பெயர் வைத்ததே அண்ணிதான். தன் அப்பாவை அச்சில் வார்த்தது போல இருக்கிறதாம்.

அண்ணன் விடுமுறை முடிந்து கப்பலேறும் வரை அந்தப் பெட்டியைத் திறக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பி, பெட்டியைக் குப்பையில் போடு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, நான் போனதும் நீயே போட்டுவிடு என்றான். செருப்பை மாட்டிய பிறகுதான் மறுபடி வாயைத் திறந்தான்.

"மாமனாரை மட்டும் பாத்துக்கோ. அதுவும் போச்சுன்னா அந்தப் பன்னெண்டு வருஷத்துல எனக்குன்னு எதுவும் மிச்சமில்ல."

"என்கிட்டயா சொல்ற? போயிட்டு வா" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவன் போனான். திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். தொட்டியின் மூலையில் காற்றுக் குழாய் செருகிய ஒரு ஸ்பாஞ்ச் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் அண்ணனின் ஃபில்டர். வெளியே எடுத்துப் பார்த்தேன். காப்பி நிறத்தில் கொழகொழவென்று, பிழிந்தால் சாக்கடை. என் அறையில் ஒருத்தி இப்படி ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தால் அன்றைக்கே அவளை மாற்றியிருப்பேன். ஸ்பாஞ்சைக் குப்பைப் பையில் போட்டு, கையைக் கழுவினேன். இரண்டு முறை.

வண்ணமீன் கடைக்காரர் முதலில் தொட்டியின் முதுகில் தொங்கவிடும் சின்ன ஃபில்டரைத்தான் காட்டினார். நான் விடவில்லை. தொட்டி நானூறு லிட்டர். இந்த ஜாதி மீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். மொத்தத் தண்ணீரும் மணிக்கு நான்கு முறையாவது சுற்றி வர வேண்டும். தண்ணீர் குழாயில் ஏறி இறங்குவதில் கொஞ்சம் வேகம் போய்விடும். ஆக, மணிக்கு இரண்டாயிரம் லிட்டர் தள்ளுகிற, தொட்டிக்குக் கீழே வாளி போல நிற்கும் கேனிஸ்டர்தான் சரி என்றேன். மனிதர் அசந்துபோனார். கடையில் இருந்ததிலேயே நல்லதை எடுத்துத் துடைத்து வைத்தார். உள்ளே மூன்று தட்டு: அழுக்கைப் பிடிக்கக் கரடான ஸ்பாஞ்ச், பொடியைப் பிடிக்கப் பஞ்சு, மேல் தட்டு நிறையப் பீங்கான் வளையங்கள். வளையம் எதற்கு என்று விளக்க ஆரம்பித்தவர், பழைய ஸ்பாஞ்சை மட்டும் என்று இழுத்தார். தூக்கிப் போட்டாகிவிட்டது, கவலைப்படாதீர்கள் என்று பாதியிலேயே அவர் வாயை அடைத்துவிட்டு வந்தேன். என் வாய் அப்படி.

மாமனாரை ஒரு பெரிய டப்பில் உட்காரவைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். கூழாங்கற்களைக் கொதிக்கும் நீரில் அலசினேன். பீங்கான் வளையங்களை மருத்துவமனைக்கே எடுத்துப்போய், கருவிகள் வெந்து இறங்கிய பிறகு காலியாக இருந்த நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்தேன். ஒரு மீன்தொட்டிக்கு இந்த மரியாதை எந்த ஊரிலும் நடந்திருக்காது. குழாய்த் தண்ணீரில் குளோரினை முறிக்கும் சொட்டுமருந்தை அளந்து விட்டேன். தண்ணீர் உள்ளே போகும் குழாய் ஒரு கோடியில், வெளியே வரும் குழாய் மறு கோடியில், மூலை முடுக்கெல்லாம் ஓட்டம் இருக்கும்படி. மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும்; அவ்வளவு தெளிவு. என் வீட்டுக்காரர் கூட, மாமனார் காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அவர் எதையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை.

அன்று காலை குப்பை வண்டியில் ஸ்பாஞ்ச் போயிருந்தது. அண்ணனின் பெட்டியையும் நீட்டியிருந்தேன். காகிதமெல்லாம் சனிக்கிழமைதான் என்று வண்டிக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பெட்டி வாசல் கதவுக்குப் பின்னால் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஹாலுக்கு வந்தால், மாமனார் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. உணவைப் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மாமனாரைக் காட்டச் சொல்லியிருந்தான் அண்ணன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, அவர் என்னோடு அனுப்பியிருந்த பரிசோதனைச் சொட்டுகளை அதில் விடச் சொன்னார். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா, மீன் கழிவிலிருந்து வரும் விஷம்.

"மேடம், மீனோட கழிவை முறிக்கிற கிருமியெல்லாம் அந்த அழுக்கு ஸ்பாஞ்சுலதான் குடியிருந்துச்சு. அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். புது ஃபில்டர்ல அது ஊறி வளர ஒரு மாசமாவது ஆகும்."

தண்ணீர் தெளிவாக இருந்தது, விஷமாகவும் இருந்தது. பத்தொன்பது வருடமாக நான் கற்ற வித்தையை முழுவதுமாகக் காட்டி, ஒரு உயிரை மூச்சுவிட வைத்திருந்ததைத் துடைத்து எறிந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல். அவர் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கேட்டேன். எல்லாத் தொட்டியிலும் நோய்க்கு மருந்து ஓடுகிறது, என் ஸ்பாஞ்ச் உங்களுக்கு ஆகாது என்றார். ஆரோக்கியமான தொட்டி யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே வாங்குங்கள், அதுவரை பாதித் தண்ணீரை மாற்றுங்கள், உணவு வேண்டாம் என்றார்.

ஆரோக்கியமான தொட்டி ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் மருத்துவமனை வரவேற்பறையிலேயே இருந்தது.

அதை வைத்துப் பராமரிப்பவர் அங்கே உள்ள செக்யூரிட்டி. முப்பது வயது இருக்கும். வரிவரியாக ஒரு ஜோடி சிக்லிட். பாசி படிந்த கண்ணாடி, கறுத்த ஸ்பாஞ்ச். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு பொரிக்கும். தூசி போல நூறு குஞ்சு தாயோடு ஊர்வலம் போகும். அந்தத் தொட்டி அசுத்தம், அகற்றவும் என்று எழுத்தில் புகார் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். அன்று பதினோரு மணிக்குச் சுகாதாரக் குழு கூட்டத்தில் அது வருவதாக இருந்தது.

வீட்டுக்காரரைத் தண்ணீர் மாற்றச் சொல்லிவிட்டு ஓடினேன். செக்யூரிட்டி முன்னால் போய் நின்றேன். புகாரும் நானே, பிச்சையும் நானே. வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததை அப்படியே சொல்லி, உங்கள் ஸ்பாஞ்சில் பாதி வேண்டும் என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். புகார் அவருக்குத் தெரியும். மருத்துவமனையில் எது மறைகிறது? தொட்டிக்குள் கையை விட்டு, இரண்டு ஸ்பாஞ்சில் ஒன்றைக் கழற்றி, தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார்.

"காயவிடாதீங்க. குழாய்த் தண்ணில அலசிடாதீங்க. தொடும்போது சோப்புக் கை மட்டும் வேண்டாம் மேடம்."

பதினோரு மணிக்கு அந்தப் பையோடுதான் கூட்டத்தில் உட்கார்ந்தேன். பழுப்பு நீர், மடியில். என் புகார் வந்தபோது எழுந்து, வாபஸ் வாங்குகிறேன், அந்தத் தொட்டியை வைத்திருப்பவருக்கு என்னைவிட நன்றாக வேலை தெரியும் என்றேன். கண்காணிப்பாளர் காதில் விழாதது போல மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

வீட்டில் ஸ்பாஞ்சை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கேனிஸ்டருக்குள் வளையங்களுக்கு நடுவில் பிழிந்து அங்கேயே வைத்தேன். மறு பாதியைக் காற்றுக் குழாயில் செருகித் தொட்டி மூலையில் நிறுத்தினேன். என் தெளிந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாகியது. மனசு பதறினாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றும் மறுநாளும் தண்ணீர் மாற்றினோம், அளந்தோம். சனிக்கிழமை சாயங்காலம் கரும்பச்சை வெளிர்ப்பச்சையானது. மாமனார் அடியில் இறங்கி, ஒரு கூழாங்கல்லை வாயால் கவ்வி, தனக்குப் பிடிக்காத இடத்திலிருந்து பிடித்த இடத்துக்கு நகர்த்தியது. நான் அழுதுவிட்டேன். வீட்டுக்காரர் வாளியோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அன்று காலை காகித வண்டி வந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். வண்டிக்காரர் கையை நீட்டினார். இல்லை, இது போடுவதற்கு இல்லை என்று சொல்லி உள்ளே கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அழைத்தான். மாமனார் கண்ணாடியில் முகத்தைப் பதித்து உதட்டைப் பிதுக்கியது. நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவன் திட்டவில்லை. கேனிஸ்டரைக் காட்டச் சொன்னான். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். எங்கள் அறையின் சீட்டுதான். தேதி, என் கையெழுத்து எல்லாம் இருந்தது. 'சுத்தம்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'கழுவக் கூடாது' என்று எழுதியிருந்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரிப்பதைக் கேட்டேன்.

சிரித்து முடித்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

"பெட்டியைப் போட்டுட்டியா?" என்றான்.

"இல்லண்ணா. அலமாரியில இருக்கு. போடுன்னு நான் சொன்னது தப்பு. நீ வந்து மெதுவாப் பாத்துக்கோ."