ஐந்து குண்டு, ஒரு காகிதத் தட்டு

டெல்மர் மூன்றாவது ரைபிளையும் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, முதலாவதை மறுபடி எடுக்கச் சொன்னார். ஹோபர்ட் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். கடை அவருடையது. முப்பது வருஷமாகத் துப்பாக்கியும் தூண்டிலும் விற்றுப் பிழைப்பவர். ஒரு சின்ன பாயிண்ட் டூ டூ ரைபிள் வாங்க இத்தனை நேரமா என்று வேறு யாராக இருந்தாலும் விரட்டியிருப்பார். டெல்மரை விரட்ட மனசு வரவில்லை, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

சனிக்கிழமை அணில் வேட்டை சீசன் திறக்கிறது. கிழக்குக் கென்டக்கி மலைக்காட்டில் அன்று விடியும்போது துப்பாக்கியோடு மரத்தடியில் உட்காராத ஆம்பிளையை எண்ணிவிடலாம். அதற்கு முன்னால் புதன்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. டெல்மர் பள்ளி பஸ் ஓட்டுபவர், இருபத்திரண்டு வருஷமாக. பஸ் சாவி கால்சட்டைப் பையில்தான் கிடந்தது. நின்ற இடத்தில் நிற்காமல், ஒரு கையால் அதைக் குலுக்கிக்கொண்டே கடையை அளந்தார். பிறகு வாசலுக்குப் போய், வெயிலில் நின்ற தன் வண்டியைக் காரணமே இல்லாமல் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

விஷயம் இதுதான்: பழைய ரைபிள் குழல் தேய்ந்துவிட்டது. அப்படித்தான் டெல்மர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். போன அக்டோபரில் மச்சான் வெர்னோடு காட்டுக்குப் போய் ஏழு அணிலைக் குறி தவறவிட்டார். ஏழு! அணில்கள் எல்லாம் சேர்ந்து அடுத்த தேர்தலில் உனக்குத்தான் ஓட்டுப் போடப் போகின்றன என்று வெர்ன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குழல் போச்சு என்று டெல்மர் அன்றைக்குச் சொன்னதுதான். ஈயக் குண்டு போகும் சின்னக் குழல் அவ்வளவு லேசில் தேயாது, வாங்கியவன் போய்ச் சேர்ந்த பிறகும் அது இருக்கும். ஹோபர்ட்டுக்கு அது தெரியாதா என்ன? ஆனாலும் ஒருவன் தன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதை மறுத்துப் பேசுவது இங்கே மரியாதை இல்லை.

மே மாதம் பஸ்ஸின் வலதுபக்கக் கண்ணாடி யார் வீட்டுத் தபால் பெட்டியையோ உரசிப் பிடுங்கியது. பெட்டிதான் ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது என்றார் டெல்மர். பிள்ளைகள் சிரித்தார்கள். ஜூன் மாத உடல் பரிசோதனையில் வலது கண்ணுக்கு எழுத்துப் பலகையைக் காட்டினார்கள். அந்தக் கட்டத்தை எப்படித் தாண்டினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த வேலையோடு வரும் இன்சூரன்ஸில்தான் மனைவி லொவீனாவுக்கு இன்சுலின் வருகிறது. வேலை போனால் அதுவும் போகும். இதை நினைத்துத்தான் மனுஷன் பத்து மாதமாக ஒரு ராத்திரிகூட நிம்மதியாகக் கண் மூடவில்லை.

ஹோபர்ட் பொறுமையாக விளக்கினார். முதலாவது, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட் என்கிற தாழை இழுத்துத் தள்ள வேண்டும், விலையும் அதுதான் குறைவு. இரண்டாவது, விசையை அழுத்த அழுத்தத் தானாகவே அடுத்த குண்டு ஏறிக்கொள்ளும். மூன்றாவதற்குக் கைக்கு அடியில் நெம்புகோல், பார்க்க அழகு, விலை மட்டும் கையைக் கடிக்கும். அணிலுக்கும் சரி, தேவாலய விழாப் போட்டியில் காகிதக் குறியைச் சுடுவதற்கும் சரி, முதலாவதே போதும் என்றார். மிச்சமாகிற காசில் நாலு வகைத் தோட்டா வாங்கிச் சுட்டுப் பார், துப்பாக்கிக்குத் துப்பாக்கி ருசி வேறு, எது அதற்குப் பிடிக்கிறதோ அதையே கடைசிவரை போடு என்றும் சொன்னார்.

டெல்மர் காதில் பாதிதான் விழுந்தது. அந்தக் கடையில் யார் துப்பாக்கியை எடுத்தாலும் சுவரில் மாட்டிய மான் தலையின் கண்ணைத்தான் குறி பார்ப்பார்கள். அவரும் ரைபிளை வலது தோளில் பொருத்தி, இடது கண்ணை மூடினார். மானுக்குக் கண்ணே இல்லை. கொம்பு தெரிந்தது, காது தெரிந்தது, நடுவில் கிரீஸ் பட்ட கட்டைவிரலை யாரோ வைத்துத் தேய்த்த மாதிரி ஓர் அழுக்கு. குழல் முனையில் இருக்கிற குறிமுள்ளையும் அந்த அழுக்கு விழுங்கிவிட்டது. அக்டோபரில் இது பட்டாணி அளவுதான் இருந்தது.

தூரக்கண்ணாடி பொருத்திய ரைபிள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். உள்ளே இருக்கிற சிலுவைக் கோட்டின் நாலு முனையும் தெரிந்தன, நடுவில் சேரவே இல்லை. கண்ணாடி கோளாறு என்று திருப்பிக் கொடுத்தார். ஹோபர்ட் அதை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். துடைத்து அலமாரியில் வைத்தார். அவர் அப்படிச் சரிபார்த்தது டெல்மருக்குப் பிடிக்கவில்லை. முதலாவதையே எடுத்துக்கொள்கிறேன், வண்டியில் கிடக்கிற பழையதை மாற்றாக வைத்துக்கொண்டு விலையைக் குறை என்று அவசரப்பட்டார்.

அந்த அவசரத்தில்தான் கடையின் வழக்கம் மறந்துபோனது.

மாற்றாக எந்தத் துப்பாக்கி வந்தாலும் ஹோபர்ட் அதைப் பின்பக்கம் கொண்டுபோய், காகிதத் தட்டு ஒன்றில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்துத்தான் விலை சொல்வார். பிறகு அந்தத் தட்டில் சொந்தக்காரன் பெயரை எழுதிச் சுவரில் குத்துவார். சுவர் முழுக்க அப்படித் தட்டுகள்தான். நான் சொல்கிறேனே, குழல் தேய்ந்தது என்றே வைத்துக்கொண்டு விலை போடேன் என்று டெல்மர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். ஹோபர்ட் ஏற்கெனவே பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

மலைச்சரிவை வெட்டிய மண்மேட்டில் இருபத்தைந்து கஜத் தொலைவில் இரண்டு தட்டுகளைக் குத்தினார்கள். முதலில் புதியதை நீ சுடு என்றார் ஹோபர்ட். மாட்டேன் என்றால் அசிங்கம். டெல்மர் பலகையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தார். வெள்ளைத் தட்டின் விளிம்பை மட்டும் வைத்து நடு எங்கே இருக்கும் என்று உத்தேசமாக எண்ணிச் சுட்டார். சட், சட் என்று ஐந்து. தட்டின் ஓரத்தில் இரண்டு ஓட்டை. மூன்று மண்ணுக்குள் போயின. இந்தக் காலத்தில் எவனும் ஒழுங்காகத் துப்பாக்கி செய்வதில்லை என்று முணுமுணுத்தார்.

ஹோபர்ட் பழையதை எடுத்து உட்கார்ந்தார். அவர் அவசரமே படவில்லை. ஐந்தையும் சுட்டு, நடந்து போய்த் தட்டைப் பிடுங்கி வந்து பலகைமேல் வைத்தார். ஐந்து ஓட்டையும் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாணயத்தை வைத்து மூடிவிடலாம். டெல்மரின் பைக்குள் சாவி கலகலவென்று சத்தம் போட்டது, அவருக்கே அது கேட்டது.

"எத்தன நாளாடா?" என்றார் ஹோபர்ட்.

"என்னது?"

"கண்ணு."

டெல்மர் மண்மேட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ஹோபர்ட்டை மட்டும் பார்க்கவில்லை. "போன அக்டோபர்லேருந்து. யார்கிட்டயும் சொல்லிராத. லொவீனா ஊசி மருந்து அந்த இன்சூரன்ஸ்லதான்டா வருது. இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஓட்டிருவேன்."

"நான் சொல்லமாட்டேன்."

அதோடு விட்டிருந்தால் டெல்மர் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார். ஹோபர்ட் காலி தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். கடைசித் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"பேரப்புள்ள ஜூனி இந்த வருஷம் ஒண்ணாங் கிளாஸ். என் பொண்ணு புதன்கிழமை காலைல பால வளைவுல கொண்டாந்து விடுவா. உன் பஸ்ஸுக்கு வலது பக்கமாத்தான் நிக்கும். சின்ன உருப்படிடா. செவப்புப் பை மாட்டினா பைதான் தெரியும், ஆளு தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் டெல்மரும் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, கோபத்தோடு வண்டியேறியிருப்பார். அதற்கு இடமே இல்லாமல் செய்துவிட்டார் பாவி மனுஷன். தட்டில் பெயர் எழுத அவர் பேனாவை எடுக்கவில்லை. தட்டையும் பழைய ரைபிளையும் டெல்மர் கையில் கொடுத்து, இதை விற்காதே, இடது தோளில் வைத்துப் பழகு, கொஞ்ச நாள் கோணலாக இருக்கும், பிறகு வந்துவிடும் என்றார்.

டெல்மர் வண்டியில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார். வீட்டுக்குப் போகலாம். லொவீனா பீன்ஸ் வேகவைத்திருப்பாள், துப்பாக்கி வாங்கியாச்சா என்று கேட்பாள், விலை ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த பரிசோதனைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. பத்து மாதத்தில் என்னவெல்லாமோ நடக்கலாம். இப்படி நினைத்துக்கொண்டே பக்கத்து சீட்டில் கிடந்த தட்டை எடுத்து, இடது கண்ணை மூடிப் பார்த்தார். சுடாத தட்டு மாதிரி இருந்தது. இடது கண்ணைத் திறந்தார். ஐந்து ஓட்டையும் வந்துவிட்டன. மூடினார், இல்லை. திறந்தார், இருந்தன. நாலைந்து முறை அப்படிச் செய்தார். கடைசி முறை மூடியபோது பால வளைவும் ஒரு சிவப்புப் பையும் நினைவுக்கு வந்து, தட்டை சீட்டில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பஸ் டெப்போ பாலத்துக்கு அந்தப் பக்கம். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். மேற்பார்வை பார்க்கும் இமொஜீன் புதன்கிழமைக்கான பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, புதுத் துப்பாக்கி வாங்கியாச்சா, பழையதுக்குக் குழல் தேய்ந்துவிட்டதாமே, ஊரே சொல்கிறது என்றாள்.

டெல்மர் தட்டை அவள் மேசைமேல் வைத்தார். அதன்மேல் பஸ் சாவியை வைத்தார்.

"துப்பாக்கியில ஒரு கோளாறும் இல்ல இமொஜீன். இது அதுல ஹோபர்ட் சுட்டது. புதன்கிழமைக்கு வேற ஆளப் போடு. எனக்கு வலது கண்ணு தெரியல."

இமொஜீனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் சாவியைத் தொடவில்லை. அலமாரியிலிருந்து அவருடைய ஃபைலை எடுத்து, ஜூன் மாதத் தாளைப் புரட்டி, இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு போட்டிருக்கே. எப்படிப் பாஸ் பண்ணின?"

டெல்மர் இடது கையைத் தூக்கி இடது கண்ணை மூடினார். பிறகு விரல்களைக் கொஞ்சமாக விரித்து, அந்த இடுக்கு வழியாக அவளைப் பார்த்தார்.

"இப்படித்தான்" என்றார்.