ஆயுத பூஜைப் பொட்டு

சமயநல்லூரில் அந்த சோலார் பேனல் கம்பெனி நிற்கிற இடம் முனீஸ்வரியின் நிலம். "நெலத்தக் குடு தங்கச்சி, கம்பெனில ஒனக்கு நெரந்தர வேல" என்று குலசாமி மேல் சத்தியம் செய்து வாங்கினார் ஜெயபாண்டி. சித்தப்பா மகன். கூடப் பிறந்தவன் மாதிரி இருக்கிறவரிடம் எழுதியா வாங்குவாள்?

உள்நாட்டிலேயே பேனல் செய்தால் அரசு ஊக்கத்தொகை தரும். ஜெயபாண்டியோ வெளிநாட்டிலிருந்து முழுப் பேனலாகவே இறக்கினார். அதன் முதுகிலிருக்கும் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் முனீஸ்வரியின் வேலை, அதுவும் தினக்கூலிக்கு. பேனல் செய்கிற மெஷின் ஒன்றும் இருந்தது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மாவே இருந்தது.

சித்திரையில் ஆபீசர் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தது.

"மெஷினு தெனமும் ஓடுற மாதிரி தெரியணும். இது மட்டும் முடியட்டும், மறுநாளே நீ நெரந்தரம்" என்றார் ஜெயபாண்டி.

முனீஸ்வரி மாங்கு மாங்கென்று உழைத்தாள். ஒட்டடை அடித்து, எண்ணெய் தடவி, பளபளவென்று ஆக்கினாள். மெஷினை ஓடவைக்கும் பச்சைப் பொத்தான் மேலிருந்த சந்தனம் குங்குமத்தை மட்டும் தொடவில்லை. பூஜையில் வைத்த பொட்டு தானாக அழியவேண்டும், கையால் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வந்த ஆபீசர் குனிந்து அதையே பார்த்தார். "இது எப்பம்மா வச்சது?"

"ஆயுத பூசைக்கு சார். நான்தேன் வச்சேன். எம்புட்டு அழகா அப்பிடியே இருக்கு பாருங்க!"

பாவி மகள், பெருமையாகச் சொன்னாள். ஆறு மாதமாக ஒரு விரல்கூடப் படாத பொத்தான் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஜெயபாண்டியின் முகம் செத்துவிட்டது. ஆபீசரை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கார் கிளம்பியதும் முனீஸ்வரி ஓடிவந்தாள். "கையெழுத்துப் போட்டாராண்ணே?"

"போட்டாரு."

"அப்ப என் வேல?"

"அதத்தேன் கேட்டு வாங்கிட்டாரு, அவரு மச்சினனுக்கு. மெஷின் ஆபரேட்டரு, நெரந்தரம்."

"அண்ணே, என் நெலம்ணே..."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தியா? நாளைலருந்து வராத. போறதுக்கு முன்னாடி அந்தப் பொட்டத் தொடச்சிட்டுப் போ."

முந்தானையை நனைத்துத் தேய்த்தாள். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. வயிறு எரிய எரிய அழுத்தித் தேய்த்ததில் பொத்தான் உள்ளே போய்விட்டது. ஐயோவென்று கையை இழுத்துக்கொண்டு பின்னால் துள்ளினாள்.

ஜெயபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "பயப்படாத தங்கச்சி. அதுக்கு இன்னும் கரண்டே குடுக்கல."