கோடு இல்லாத அரபு

எண்பத்திரண்டில், பரக்கத் அலி ரியாத்திலிருந்து லீவில் வந்த அன்று, பாலக்கரை வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருக்கப் பெட்டி திறந்தார்கள். சென்ட் பாட்டில் சுற்றியிருந்த அரபுப் பேப்பர் தரையில் விழுந்தது. அவன் மனைவி ஜீனத் பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நஜீமாக்கா, என்ன போட்டிருக்குன்னு ஓதுங்களேன்."

தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவள் நஜீமா. ஜீனத்தும் அவளிடம்தான் ஓதினாள்; இப்போது ஜீனத்தின் மகள் நசீரா ஓதுகிறாள்.

தாளை வாங்கியவளால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் தெரிந்தவைதான். தமிழில் கொம்பும் காலும் எழுத்தை ஒட்டியே வரும். அவள் ஓதும் கிதாபில் ஜபர், ஜேர், பேஷ் என்று மேலும் கீழும் கோடுகள் இருக்கும். ‘க’வா, ‘கி’யா, ‘கு’வா என்று அவைதான் சொல்லும். இதில் ஒரு கோடும் இல்லை. அப்படியும் அரபு எழுதுவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது.

"கண்ணாடி கொண்டு வரலையாக்கா?" என்றாள் ஜீனத்.

ஆமாம் என்றிருக்கலாம். சொல்லவில்லை. விரலை வலமிருந்து இடமாக ஓட்டிக்கொண்டு, மனப்பாடமான சூரா ஒன்றை ஓதினாள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பரக்கத் அலி தாளை எட்டிப் பார்த்தான். பிறகு கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றான்.

"இதைக் கண்ணாடி போட்டு மாட்டிடணும்" என்றாள் ஜீனத்.

நஜீமா வாசலில் செருப்பு மாட்டும்போது அவன் பின்னால் வந்தான்.

"அக்கா, அது டயர் கடை விளம்பரம். நான் அங்க லாரி ஓட்டுறவன், டயர்ங்கிற அரபு வார்த்தை மட்டும் பார்த்துப் பழக்கம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க."

அவன் சிரித்திருந்தால்கூடத் தேவலை. நஜீமா திரும்ப உள்ளே போனாள்.

"மாட்டாதே ஜீனத். அது டயர் விளம்பரம். எனக்குப் படிக்க வரலை. மனப்பாடமா இருந்ததை ஓதிட்டேன்."

ஜீனத் சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்போ எங்களுக்கு ஓதிக்கொடுத்ததெல்லாம்?"

"அதுல கோடு இருக்கும்மா."

யாருக்கும் அது விளங்கவில்லை.

மறுநாள் காலை நசீரா ஓத வந்தாள். நஜீமா ஒரு வரி ஓதினாள். உடனே திருப்பிச் சொல்கிற பிள்ளை, இன்று சொல்லவில்லை. வரியில் விரலை வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்தாள். அவள் பார்த்து முடிக்கும்வரை நஜீமா தலை நிமிரவில்லை.