வட்டியம்மா

பெயர்கள் வெளியாக இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தபோது, அவள் தம்பியின் அட்டைப்பெட்டிப் பட்டறைக்குள் நுழைந்தாள்.

மூன்று இயந்திரங்களில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள்.

"வாங்க வட்டியம்மா!" என்றார் மேஸ்திரி. மைய வங்கியின் வட்டிக் குழுவில் அவள் சேர்ந்ததிலிருந்து பட்டறையில் அவளுக்கு அதுதான் பெயர்.

குழுவில் ஐந்து பேர். இரண்டு மாதமாக வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளையும் பத்திரங்களையும் விற்று, டாலராக்கிக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் நாணயம் நாளுக்கு நாள் சரிந்தது. வட்டியை உயர்த்தினால் போகிற பணத்தில் கொஞ்சமாவது தங்கும். ஆனால் உள்ளூரில் கடன் வாங்கியவர்களின் கழுத்து இறுகும். மூன்று பேர் உயர்த்தச் சொன்னார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அந்தக் கணக்கை மட்டும் அன்றே அறிவித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது பதினான்கு நாள் கழித்துத்தான் வெளிவரும். அதுவரை வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது.

அவள் திறக்கவில்லை. அப்படி ஒரு விதி இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"உக்காருக்கா," என்றான் தம்பி. "வெளிநாட்டுக்காரன் பெட்டியக் கட்டிட்டுக் கிளம்பிட்டான். என் பெட்டிய வாங்கத்தான் ஆளக் காணோம்."

சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "எத்தனை பேரை அனுப்பிட்ட?"

"ஆறு பேர். திரும்பக் கூப்பிடுறேன்னு சொல்லிருக்கேன். கடன் தவணை ஏறிடுச்சுல்ல, வேற வழி தெரியல."

"அதுல ஒருத்தன் போற போக்குல, 'உங்க அக்காவும் சேந்துதானே ஏத்துனாங்க'ன்னு சொல்லிட்டான்," என்றார் மேஸ்திரி. "தம்பி எட்டி அவன் சட்டையப் பிடிச்சிட்டாரு. நாங்க நாலு பேர் சேந்துதான் பிரிச்சோம்."

"பின்ன? வேண்டாம்னு சொன்ன ரெண்டு பேர்ல எங்க அக்கா ஒருத்தின்னு எனக்குத் தெரியாதா?" அவளைப் பார்த்துக் கையமர்த்தினான். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் விதி உனக்கு."

வரும் வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்திருந்தாள். நாணயம் இன்னும் சரிந்திருந்தால், இறக்குமதிக் காகிதத்தின் விலையே இந்தப் பட்டறையை மொத்தமாக மூட வைத்திருக்கும். அது பொய்யல்ல. குழு அறையில் கணீரென்றுதான் ஒலித்தது. இங்கே, தார்ப்பாய் மூடிய இயந்திரங்களுக்கு முன்னால், அது எடுபடாது.

மேஸ்திரி இயந்திரத்தை நோக்கிப் போனார். தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்க்கா. ரெண்டு ரெண்டா நின்னப்போ, மூணாவதா ஒருத்தன் கை தூக்கிருப்பான்ல? அவனுக்குக் கூடப்பொறந்தவன்னு யாருமே கிடையாதா?"

நாளைக் காலை பத்து மணிக்கு இவன் அந்தப் பெயர்களைச் செல்போனில் படிப்பான். இவனிடம் அடிவாங்க இருந்தவனும் படிப்பான்.

"இருக்கான்டா," என்றாள். "மூணாவதா கை தூக்கினது நான்தான்."