ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல

1

இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. எழுதிக்கொண்டிருந்தது வேறொன்று, அதில் ஒரு காதல்கூட இருந்தது. பாதியில் எதிர்வீட்டுக் கிறிஸ்டினா வந்து கதவைத் தட்டினாள்.

"அண்ணா, கம்ப்யூட்டர் ஆன் ஆவுது, டிஸ்பிளே வரல. கொஞ்சம் வந்து பாருங்கண்ணா."

நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அதைப் பிரித்துப் பார்க்கவும் தெரியும் என்று ஆம்பூரில் எங்கள் தெரு முடிவு கட்டி வெகுகாலமாகிறது. காதலர்கள் இருவரும் இன்னும் பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறார்கள்.

முதல் தொடக்கம்: "கிறிஸ்டினா பட்டனை அழுத்தினாள். உலகமே இருண்டதுபோல்..."

வேண்டாம். உலகம் ஒன்றும் இருளவில்லை. ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாக இருந்தது.

2

புதுசு வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கப்போகிறீர்கள். கேட்காத ஆளே இல்லை. எனக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.*

* ஷூவுக்குத் தோல் வெட்டுவதற்கான பேட்டர்ன் போடுகிறவள் அவள். அதற்கான பழைய சாஃப்ட்வேர் திறக்க, பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் என்கிற பூட்டு ஒன்றைச் செருக வேண்டும். அந்தப் போர்ட் இந்தக் கிழட்டு மதர்போர்டில்தான் இருக்கிறது. கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தன் பெயரில் அவள் எடுத்த முதல் ஆர்டர் இது. நாளைக் காலையில் பேட்டர்ன் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் பேரணாம்பட்டில் வேறொருவருக்குப் போய்விடும். இவள் மறுபடி கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். [கதையின் உயிரையே அடிக்குறிப்பில் போட்டுவிட்டேன். இனி மாற்றப் பொறுமையில்லை.]

3

மானிட்டரை மாற்றினோம். கேபிளை மாற்றினோம். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை என் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வந்து மாட்டினோம். பொட்டு மாதிரி இருக்கும் பேட்டரியைப் பிடுங்கி, காத்திருந்து, திரும்பப் போட்டோம். பீப் சத்தத்தை எண்ணிக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம் என்று இணையத்தில் ஒரு மகராசன் சொல்கிறான். பீப் அடிக்க இதில் ஸ்பீக்கரே இல்லை.

ரேமைக் கழற்றிப் பார்த்தேன். அதன் தங்கப் பற்கள் புத்தம் புதுசாக மின்னின. கறுத்திருந்தால்தான் ரப்பர் வைத்துத் தேய்க்க வேண்டும், இதற்குத் தேவையில்லை என்று அப்படியே செருகிவிட்டேன்.

"சனிக்கெழம நான்தாண்ணா அவசரத்துல ஷட்டவுன் பண்ணாம பிளக்கப் புடுங்கிட்டேன்," என்றாள் கிறிஸ்டினா. "என் கையாலயே கெடுத்துக்கினேன். பேஜார் புடிச்ச கை."

சொல்லிவிட்டு அந்தக் கையை மேஜை விளிம்பில் ஓங்கி அடித்துக்கொண்டாள். அவள் கணவன் இருதயராஜ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷன்காரன்.

"டீ போடட்டா?" என்றான்.

4

இந்த இருதயராஜை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. எந்த வரைவை எடுத்தாலும் கதவோரம் நிற்கிறான், டீ போடட்டுமா என்கிறான். ஒரு வரைவில் எரிச்சல் தாங்காமல் அவனை அரக்கோணத்துக்கு, தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். கதை அங்கேயே படுத்துக்கொண்டது. போய்க் கூட்டிவந்தேன்.

அவன் ஏன் தேவைப்பட்டான் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் காற்றில் எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசே மாதத்துக்குள் கறுத்துப்போகிறது. இத்தனை வருஷத்துப் பழைய ரேம் எப்படி மின்னும்?

மறுபடி கழற்றினேன். கிறிஸ்டினா வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது பாலிஷ் க்ரீமு," என்றாள். "தெனம் சாயங்காலம் இவரு கையில வர்ற வாசன."

பற்களில் மெழுகு பூசினால் கரண்ட் எங்கே பாயும்? இருதயராஜ் தரையைப் பார்த்தான்.

"மிஷினு ஸ்லோவா கீதுன்னு சொன்ன இல்ல. ஞாயித்துக்கெழம நீ கோயிலுக்குப் போயிருந்தப்போ கழட்டித் தொடச்சேன்."

"தொடச்சா விடவேண்டிதுதான? க்ரீம் எதுக்கு?"

"எங்க டேபிள்ல தொடச்சதுக்கு க்ரீம் போடாம ஒரு ஜோடிகூட வெளிய போவாது. கை தானா போய்டுச்சி."

[சிரிக்காதீர்கள். நான் சிரித்தேன், அவள் என்னைப் பார்த்த பார்வையில் ரேமைத் துடைக்க ஸ்பிரிட் தேடக் கிளம்பிவிட்டேன்.]

"ரெண்டு நாளா என் கையத் திட்டிக்கினு இருக்கேன்," என்றாள். கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "அடிச்சிக்கினேன். கேட்டுக்கினுதான நின்ன? ஏன் சொல்லல?"

5

முடிவு அ: ஸ்பிரிட்டால் துடைத்துச் செருகினோம். டிஸ்பிளே வந்தது. பேட்டர்ன் போய்ச் சேர்ந்தது.

முடிவு ஆ: துடைத்துச் செருகினோம். வரவில்லை. ஆர்டர் போனது.

எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வெளிச்சம் வரவைப்பது எனக்கு ஒரு வரி வேலை. என்னால் முடியாதது இருதயராஜை வாய் திறக்க வைப்பதுதான். "பயமா இருந்திச்சி" என்று சொல்ல வைத்தேன். பொய்யாக ஒலித்தது, அந்த வரியை அடித்தேன். "நீ திட்டுவன்னு" என்று எழுதினேன். அவள் அவனைத் திட்டியதே கிடையாது, அதையும் அடித்தேன். "தப்பு என்மேலதான்" என்பது அவள் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை.

ரேமைத் துடைத்துச் செருகியாகிவிட்டது. கிறிஸ்டினாவின் விரல் பட்டன்மேல் இருக்கிறது. அழுத்தமாட்டேன் என்கிறாள். ஆர்டர் போனாலும் போகட்டும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளை அழுத்த வைத்து எழுதிய நாலு வரியையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் எழுந்து என் வீட்டுக்குப் போகிறேன். வீட்டில் ஒருத்தி செய்யாத தப்புக்குத் தன்னைத்தானே அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருக்கும். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவன் வாயைத் திறந்துவிட்டான்:

"நான் ஏன் சொல்லலன்னா, கிறிஸ்டி,